மர்ம நபர்களின் மொழி: ஒரு தோற்றுப்போன திருட்டும் இத்தாலியப் பொதுமொழியின் வரலாறும்

முன்னுரை

1958ஆம் ஆண்டு இத்தாலியில் வெளிவந்த ‘இ சோலிதி இஞ்ஞோதி’ என்னும் திரைப்படம், ஓர் அடகு நிலையத்தின் இரும்புப் பெட்டியைக் கொள்ளையிடத் திட்டமிட்ட சில ஏழைத் திருடர்கள் தவறான சுவரைத் துளைத்துவிட்டு வெறுங்கையுடன் திரும்பிய கதையைக் கூறுகிறது. இயக்கியவர் மாரியோ மோனிச்செல்லி. திரைக்கதையை அவருடன் சேர்ந்து எழுதியவர்கள் அஜே, ஸ்கார்பெல்லி என்ற இரட்டையரும் சூசோ செக்கி தாமிக்கோவும் ஆவர். ‘இத்தாலிய பாணி நகைச்சுவை’ எனப் பின்னர் பெயர் பெற்ற திரைப்பட மரபு இப்படத்திலிருந்தே தொடங்கியது என்பது திரைப்பட வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

திரைப்படக் கலை பற்றிய நூல்களில் இப்படம் நிறையவே பேசப்பட்டுள்ளது. இக்கட்டுரை அதை வேறொரு நோக்கில் அணுகுகிறது. இப்படத்தின் நகைச்சுவை பெரிதும் மொழி சார்ந்தது. அது, இத்தாலி ஒரு நாடாக ஒன்றிணைந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னும் அதன் பொதுமொழி மக்களின் வாய்மொழியாக முழுதும் ஆகிவிடாத ஒரு காலத்தின் விளைவு. அந்த வரலாற்றை அறியாத மொழிபெயர்ப்பாளர் கதையைக் கொண்டுசெல்லலாம். சிரிப்பைக் கொண்டுசெல்ல இயலாது. பிறமொழிகளில் இப்படம் பெற்ற தலைப்புகளே இதற்குச் சான்று பகர்கின்றன.

கதைப்போக்கு

காரைத் திருட முயன்று பிடிபட்ட கோசிமோ என்பவன் சிறையில் இருக்கிறான். அவனிடம் ஒரு பெரிய கொள்ளைத் திட்டம் உள்ளது. அதைச் செயற்படுத்த வெளியே வரவேண்டும். எனவே தன் குற்றத்தைக் காசு வாங்கிக்கொண்டு ஏற்க ஓர் ஆளைத் தேடச் சொல்கிறான். கடைசியில் குத்துச்சண்டைக்காரனான பெப்பே அகப்படுகிறான். அவன் நடிப்பை நீதிமன்றம் நம்பவில்லை. அவனும் உள்ளே போகிறான். அங்கே, தனக்கு நீண்ட தண்டனை கிடைத்துவிட்டதாகப் பொய் சொல்லி கோசிமோவின் திட்டத்தைக் கறந்துவிட்டு, மறு நொடியே விடுதலையாகி நடையைக் கட்டுகிறான்.

திட்டம் எளியது. அடகு நிலையத்தை ஒட்டியுள்ள வீட்டில் ஆள் இல்லை. அவ்வீட்டின் சுவரைத் துளைத்தால் இரும்புப் பெட்டி இருக்கும் அறைக்குள் போய்விடலாம். பெப்பே ஒரு கூட்டத்தைச் சேர்க்கிறான். மனைவி சிறையில் இருப்பதால் கைக்குழந்தையைத் தானே வளர்க்கும் புகைப்படக்காரன் திபெரியோ, அநாதை விடுதியில் வளர்ந்த மாரியோ, தங்கையைப் பூட்டி வைத்துக் காக்கும் சிசிலிக்காரன் ஃபெரிபோத்தே, எப்போதும் எதையாவது தின்றுகொண்டிருக்கும் முதியவன் கப்பன்னெல்லே ஆகியோர் அக்கூட்டத்தினர். பெட்டி உடைக்கும் கலையைக் கற்பிக்க தாந்தே குருசியானி என்னும் ஓய்வுபெற்ற நிபுணனை அமர்த்துகின்றனர்.

பின்னர் எல்லாம் பிசகுகிறது. காலி என்று நம்பிய வீட்டில் இரு முதிய பெண்களும் பணிப்பெண் நிக்கோலெத்தாவும் இருக்கின்றனர். திபெரியோவின் கை முறிகிறது. மாரியோ கூட்டத்தை விட்டு விலகுகிறான். பொதுமன்னிப்பில் வெளிவந்த கோசிமோ தனியே திருட முயன்று, ஒரு பெண்ணின் கைப்பையைப் பறிக்கையில் டிராம் வண்டியில் அடிபட்டு இறக்கிறான். நகைச்சுவைப் படத்தில் இத்தகைய சாவு அக்காலத்துப் பார்வையாளருக்குப் புதியது. இறுதியில் நால்வர் வீட்டினுள் புகுந்து சுவரைத் துளைக்கின்றனர். அறைச் சாமான்கள் இடம் மாற்றி வைக்கப்பட்டிருந்ததால் அவர்கள் துளைத்தது வேறு சுவர். துளை வழியே தெரிவது அதே வீட்டின் சமையலறை. அங்கிருந்த கொண்டைக்கடலை பாஸ்தாவைச் சூடாக்கி உண்ண அமர்கின்றனர். எரிவாயு வெடித்துச் சமையலறை சிதறுகிறது. மறுநாள் செய்தித்தாள், கடலைச் சோற்றைத் திருடுவதற்காகச் சுவரைத் துளைத்த ‘வழக்கமான அறியப்படாதோர்’ பற்றி எழுதுகிறது.

1861 முதல் 1958 வரை: மொழிப் பின்னணி

‘இத்தாலியின் வட்டார வழக்குகள்’ என்று நாம் பொதுவாகக் கூறுவன இத்தாலிய மொழியிலிருந்து கிளைத்தவை அல்ல. சிசிலிய மொழி, நேப்பிள்ஸ் மொழி, வெனெட்டோ மொழி, பொலோஞ்ஞா மொழி ஆகியவை இலத்தீனிலிருந்து தனித்தனியே வளர்ந்தவை. பொதுமொழிக்கு மகள்கள் அல்ல, உடன்பிறந்தவை. பதினான்காம் நூற்றாண்டு ஃபிளாரன்ஸ் நகர வழக்கு, தாந்தே, பெத்ரார்க்கா, பொக்காச்சோ ஆகியோரின் இலக்கியப் பெருமையால் உயர்ந்தது. 1525இல் பியெத்ரோ பெம்போ அதற்கு எழுத்திலக்கணம் வகுத்தார். அது நெடுங்காலம் எழுதுவோரின் மொழியாகவே இருந்தது.

1861இல் நாடு ஒன்றிணைந்தபோது அம்மொழியைப் பயன்படுத்த வல்லோர் எத்தனை பேர் என்பது மொழியியலாளரிடையே புகழ்பெற்ற விவாதம். துல்லியோ தெ மௌரோ 1963இல் வெளியிட்ட தம் நூலில் மக்கள்தொகையில் 2.5 விழுக்காட்டினர் என்று கணித்தார். தொஸ்கானா மக்களின் பேச்சு பொதுமொழிக்கு மிக அணுக்கமானது என்பதை வைத்து, அர்ரிகோ கஸ்தெல்லானி 1982இல் இவ்வெண்ணை ஏறத்தாழ 10 விழுக்காடாக உயர்த்தினார். எவ்வெண்ணைக் கொண்டாலும், பத்தில் ஒன்பது பேருக்கு நாட்டின் மொழி பள்ளியில் கற்க வேண்டிய மொழியாகவே இருந்தது. அப்பள்ளிக்கும் பெரும்பாலோர் சென்றதில்லை.

பாசிச ஆட்சி வட்டார மொழிகளை அச்சிலிருந்தும் பள்ளியிலிருந்தும் விலக்க முயன்றது. 1930 முதல் அயல்மொழி உரையாடல் கொண்ட படங்களைத் தடுத்தது; பின்னணிக் குரல் சேர்க்கும் தொழில் வேரூன்ற இதுவே வழிவகுத்தது. போருக்குப்பின் எதிர்வினை தோன்றியது. லுக்கினோ விஸ்கோந்தியின் ‘லா தெர்ரா த்ரேமா’ (1948) சிசிலிய மீனவர்களை அவர்கள் ஊர்ப்பேச்சிலேயே பேசவைத்தது. பிற பகுதி இத்தாலியருக்கு அது விளங்காததால் பொதுமொழி வருணனை சேர்க்க நேர்ந்தது.

இதற்கிடையே மக்கள் இடம்பெயர்ந்தனர். ரோமின் மக்கள்தொகை 1951இல் ஏறத்தாழ 16.5 இலட்சம், 1961இல் ஏறத்தாழ 21.9 இலட்சம். இவ்வாறு வந்தோர் பலர் சட்டத்தின் பார்வையில் இல்லாதவர்கள். நகரக் குடியேற்றத்தைத் தடுக்க 1939இல் இயற்றப்பட்ட சட்டம் 1961 வரை நீக்கப்படவில்லை. அதன்படி வேலை இல்லாதவருக்குக் குடியிருப்புப் பதிவு இல்லை. பதிவு இல்லாதவருக்கு வேலை இல்லை. வேலை தேடி வந்தவன் பதிவேட்டில் இல்லாத ஆளாக வாழ்ந்தான். ‘அறியப்படாதோர்’ என்ற சொல் அவனுக்குத் திருடுவதற்கு முன்பே பொருந்தியது.

1954 ஜனவரி 3இல் இத்தாலியத் தொலைக்காட்சி முறையான ஒளிபரப்பைத் தொடங்கியது. பொதுமொழி வீட்டுக்குள் நுழைந்த காலம் அது. பழைய மொழிகள் இன்னும் போகவில்லை. புதிய மொழி இன்னும் முழுமையாக வரவில்லை. மோனிச்செல்லியின் திருடர்கள் பேசுவது இந்த இடைவெளியில்தான். எழுத்துலகிலும் இதே கவனம் இருந்தது. பசோலினியின் ‘ரகாத்சி தி வீதா’ (1955) ரோம் புறநகர்ப் பேச்சை எழுதி, இறுதியில் சொற்பொருள் பட்டியல் ஒன்றையும் இணைத்தது. 1957இல் நூலாக வந்த கார்லோ எமிலியோ கத்தாவின் துப்பறியும் நாவல் பல வட்டார மொழிகளைக் கலந்து எழுதப்பட்டு, குற்றவாளியைத் தெளிவாகச் சுட்டாமலேயே முடிந்தது.

திருடர்களின் பேச்சு

கூட்டத்தினரின் பட்டப்பெயர்களே மொழி வரைபடம் ஒன்றைத் தருகின்றன. பெப்பேயின் பட்டம் ‘எர் பந்தேரா’, அதாவது சிறுத்தை. ‘பந்தேரா’ பெண்பாற்சொல்; பொதுமொழியில் ‘லா’ என்னும் பெண்பால் முன்னொட்டுச்சொல்லை ஏற்கும். இங்கே வருவது ‘எர்’ என்ற ரோம் வழக்கின் ஆண்பால் வடிவம். இரண்டெழுத்தில் ஆளின் ஊரும் பாலும் வீறாப்பும் தெரிந்துவிடுகின்றன. ‘சிறுத்தை பெப்பே’ என்று தமிழாக்கினால் வீறாப்பு மிஞ்சும், ஊர் போய்விடும்.

‘ஃபெரிபோத்தே’ என்பது ஆங்கிலக் கடன்சொல்லின் சிசிலிய உச்சரிப்பு. இரயில் பெட்டிகளைச் சுமந்து மெஸ்ஸினா நீரிணையைக் கடக்கும் ஃபெர்ரி போட் என்ற படகின் பெயர், அதன் வழியே வந்தவனுக்குப் பெயராகிவிட்டது. இராமேசுவரத் தீவின் வழியே இலங்கைக்குச் சென்ற ‘போட் மெயில்’ என்ற பெயரை அறிந்த தமிழருக்கு இதன் சுவை விளங்கும். ‘கப்பன்னெல்லே’ ரோமின் குதிரைப்பந்தய வெளியொன்றின் பெயர். அப்பெயரைச் சுமப்பவனோ பொலோஞ்ஞா நகரத்தின் பேச்சைப் பேசுகிறான்.

இவர்களுக்குப் பொதுவாக உள்ளது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும் யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் நம் உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். இப்படத்தில் இரும்புப் பெட்டிக்கு ‘கொமாரே’ என்று பெயர். ஞானத்தாய், அண்டைவீட்டு அம்மாள் என்ற பொருள்களில் வழங்கும் உறவுச்சொல் அது. காசுக்காகப் பிறர் குற்றத்தை ஏற்பவன் ‘பேக்கொரா’, அதாவது செம்மறியாடு. தமிழில் ‘பலிகடா’ என்ற சொல் உடனே நாவில் வரும். ஆயினும் பலிகடா தன் விருப்பமின்றி வெட்டப்படுவது; ‘பேக்கொரா’ விலை பேசிக்கொண்டு வருவது. இப்படத்தில் அந்த விலைபேச்சே பாதி நகைச்சுவை.

கடன் வாங்கிய மொழிநடை

வட்டாரப் பேச்சு தானாகவே நகைப்பைத் தருவதில்லை. இப்படத்தில் நகைப்பு எழுவது, தமக்குரியதல்லாத ஒரு நடையை இம்மனிதர்கள் எடுத்து அணியும்போது. பெப்பே தன் திட்டத்தை ‘அறிவியல் முறை’யிலானது என்று பெருமையுடன் கூறுகிறான், கூறும்போது அவன் நா தடுமாறுகிறது. அவ்வேடத்தில் நடித்த வித்தோரியோ காஸ்மான் அதுவரை செவ்வியல் நாடக மேடையில் புகழ்பெற்றிருந்தவர். மொழியை மிகச் செம்மையாக ஒலித்த வாய்க்குத் திக்குவாயைக் கொடுத்தது மோனிச்செல்லியின் துணிவு.

நேப்பிள்ஸ் நகைச்சுவை நடிகர் தோத்தோ ஏற்ற குருசியானியின் காட்சி இதன் உச்சம். காவல்துறைக் கண்காணிப்பில் உள்ள அவன் மொட்டைமாடியில் மாணவர்களை அமரவைத்துப் பேராசிரியரைப் போல விரிவுரை ஆற்றுகிறான். பெட்டி உடைக்கும் முறைகளை வகைப்படுத்தி விளக்குகிறான். இத்தாலியப் பொதுமொழியின் தந்தை எனப் போற்றப்படும் கவிஞரின் பெயரே அவனுடைய பெயர். இது திட்டமிட்டதா என்பது ஒருபுறமிருக்க, செம்மொழி நடையில் திருட்டைக் கற்பிப்பவன் பெயர் தாந்தே என்பதை இத்தாலியச் செவி தவறவிடாது. பெட்டியின் எண் சேர்க்கையை அறியத் திருடர்கள் எடுத்த படச்சுருளைக் காட்டும்போது, துணி காயப்போட்ட கொடி காட்சியை மறைக்கிறது; அதையும் அவன் கலை விமர்சகனைப் போலக் குறைகூறுகிறான்.

கோசிமோ அடகு நிலையத்தில் துப்பாக்கியை நீட்டும் காட்சி மொழியியல் வகுப்பில் பாடமாக வைக்கத்தக்கது. எழுத்தர் அஞ்சவில்லை. நீட்டிய பொருளைக் கையில் வாங்கி, வகையைச் சொல்லி, அடகுக்கு மதிப்பிடத் தொடங்குகிறார். சொல்வதன் வாயிலாகச் செயல் நிகழ்வது பற்றி ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஆற்றிய சொற்பொழிவுகள், செயல் கைகூடச் சூழலும் பாங்கும் பொருந்த வேண்டும் என்று காட்டின. அடகுக் கடையில் ஏழை ஒருவன் ஒரு பொருளை நீட்டினால் அது அடகுக்கு வந்த பொருள். வேறு பொருள் கொள்ள அவ்விடம் இடந்தரவில்லை. மிரட்டல் விண்ணப்பமாகிவிடுகிறது. கோசிமோ துப்பாக்கியை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து வெளியேறுகிறான். அவன் சாவுக்குச் சற்று முன் நிகழ்வது இது.

இங்கே ஜூல் தாசேன் இயக்கிய ‘ரிஃபிஃபி’ (1955) என்ற பிரெஞ்சுப் படத்தை நினைக்க வேண்டும். அதன் கொள்ளைக் காட்சி ஏறத்தாழ அரைமணி நேரம் உரையாடலோ இசையோ இன்றி நிகழ்கிறது. தொழில் தெரிந்தவர்கள் பேசுவதில்லை. மோனிச்செல்லி இப்படத்தை மனத்திற்கொண்டே தம் கேலியை அமைத்தார். அவருடைய திருடர்கள் இடைவிடாது பேசுகின்றனர், தொழிலின் சொற்கள் அனைத்தும் அவர்களிடம் உண்டு, தொழில்தான் இல்லை. திருட்டுக்குப் பொறுப்பான ஆட்கள் வேண்டும், உங்களால் முடிந்ததெல்லாம் வேலைக்குப் போவதுதான் என்று அவர்களுள் ஒருவன் மற்றவர்களை ஏசுகிறான். படம் முடிகையில் பெப்பே கட்டடத் தொழிலாளர் கூட்டத்தில் சிக்கி உண்மையிலேயே வேலைக்குப் போகிறான். கப்பன்னெல்லே பதறிப்போய் எச்சரிக்கிறான்.

குரலும் உடலும்

இப்படத்தின் பேச்சை அக்கால வட்டார மொழிகளின் நேரடிப் பதிவாகக் கருதிவிடக் கூடாது. இத்தாலியத் திரையுலகில் குரலைப் பின்னர் சேர்ப்பது வழக்கம். ஒருவர் உடலும் மற்றொருவர் குரலும் சேர்ந்து ஒரு பாத்திரம் ஆகும். சிசிலிக்காரன் ஃபெரிபோத்தேயாக நடித்த திபெரியோ முர்ஜா உண்மையில் சார்தீனியத் தீவினர், உணவகமொன்றில் பணிபுரிந்துகொண்டிருந்தவர். அவருடைய சிசிலியப் பேச்சு வேறொருவர் குரல். பொலோஞ்ஞா முதியவனாக நடித்த கார்லோ பிசகானே நேப்பிள்ஸ் நகரத்தவர். ஃபெரிபோத்தேயின் தங்கை கார்மெலினாவாகத் தோன்றிய கிளௌதியா கார்தினாலே துனிஸ் நகரில் பிறந்து பிரெஞ்சில் கல்வி கற்றவர். சிசிலிய வழிவந்த பெற்றோரின் பேச்சை வீட்டில் கேட்டு வளர்ந்தும் இத்தாலியப் பொதுமொழி அறியாதவர். அவருக்கும் குரல் இரவலே.

ஆகவே திரையில் ஒலிப்பது பிறர் ஒரு சிசிலியனிடம் கேட்க எதிர்பார்த்த சிசிலியப் பேச்சு. வட்டாரச் சாயலைப் பாத்திர வகைக்கு முத்திரையாக்கும் இவ்வழக்கம், பொறாமை கொண்ட சிசிலிக்காரன் என்ற அச்சு வார்ப்பை வலுப்படுத்தியது. முர்ஜா தம் திரைவாழ்வு முழுவதும் அவ்வார்ப்பிலிருந்து விடுபடவில்லை. 1999இல் இத்தாலி இயற்றிய 482ஆம் எண் சட்டம் பன்னிரு மொழிச் சிறுபான்மையினரை ஏற்றது. சார்தீனிய மொழி அப்பட்டியலில் உண்டு, சிசிலிய மொழி இல்லை. திரையில் முர்ஜாவின் சொந்த மொழிக்கு இடம் இருந்ததில்லை; சட்டத்தில் இடம் பெற்றது அதுவே.

தலைப்பின் மொழிபெயர்ப்புகள்

‘சோலிதி’ என்றால் வழக்கமானவர்; ‘இஞ்ஞோதி’ என்றால் அறியப்படாதவர். குற்றச் செய்தி எழுதுவோரின் தேய்ந்த தொடர் இது. யார் என்றே தெரியாதவரை ‘வழக்கம்போல் அவரே’ என்று கூறும் முரண், அன்றாடப் பயன்பாட்டில் யாருக்கும் தோன்றாமல் மறைந்திருந்தது. படம் அதை மீண்டும் உயிர்ப்பித்தது.

பிறமொழித் தலைப்புகள் வேறு வேறு வழி சென்றன. பிரெஞ்சில் ‘லெ பிஜோன்’, அதாவது புறா. ஏமாளி என்பது அதன் வழக்குப் பொருள். ஆடு புறாவாகியது, குற்றம் ஏற்பவன் தலைப்புக்கு வந்தான். ஜெர்மன் தலைப்பு திருடர்களின் பாடு திண்டாட்டம் என்று இரங்கியது. ஸ்பானியத் தலைப்பு ‘ருஃபுஃபூ’. அது ‘ரிஃபிஃபி’யின் மேல் கட்டிய ஒலிக்கேலி. பிரித்தானியத் தலைப்பு, ‘அறியப்படாத நபர்கள்’ என்ற சட்டத்தொடரை எடுத்துக்கொண்டு ‘வழக்கமான’ என்பதை விட்டது. அமெரிக்கத் தலைப்பு ‘பிக் டீல் ஆன் மடோன்னா ஸ்ட்ரீட்’: ‘பிக் டீல்’ என்பது பெரிய காரியத்தையும் ‘பெரிய காரியந்தான் போ’ என்ற எள்ளலையும் ஒருங்கே தருவது. ஐந்து தலைப்புகளும் படத்தின் ஐந்து கூறுகளைப் பிடித்தன. செய்தித்தாளின் மொழிநடையை மீட்க நெருங்கியது பிரித்தானியத் தலைப்பு ஒன்றே.

தமிழுக்கு இவ்வகையில் நல்வாய்ப்பு உண்டு. நம் நாளிதழ்களின் ‘மர்ம நபர்கள்’ இதே பிறவியினர். ‘மர்மம்’ வடசொல், ‘நபர்’ அரபுவழிச் சொல். இவ்விரண்டும் சேர்ந்த தொடரை வீட்டில் யாரும் இயல்பாகப் பேசுவதில்லை. பூட்டை உடைத்துக் ‘கைவரிசை’ காட்டும்போது மட்டுமே அவர்கள் தோன்றுகின்றனர். ‘வழக்கமான மர்ம நபர்கள்’ என்பது சொல்லுக்குச் சொல்லாகவும் நடைக்கு நடையாகவும் பொருந்தும்.

மறு ஆக்கங்களும் இச்சிக்கலை உணர்ந்தன. லூயி மால் இதை ‘கிராக்கர்ஸ்’ (1984) என்ற பெயரில் சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றினார். ரூசோ சகோதரர்களின் ‘வெல்கம் டு காலின்வுட்’ (2002) கிளீவ்லாந்து நகரத்தின் தொழிலாளர் பகுதியில் நிகழ்வது. வட்டார மொழிகளுக்கு ஈடு தேடாமல், அது ஒரு குழூஉக்குறியைப் புதிதாகப் படைத்தது. ‘பெல்லினி’ என்றால் கனவுத் திருட்டு. ‘முலின்ஸ்கி’ என்றால் பிறர் குற்றத்தை ஏற்பவன். பார்வையாளர் முதலில் திகைத்துப் பின் தாமும் அக்கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறார். மொழிபெயர்ப்பு என்ற பெயரில்லாமல் நடந்த நல்ல மொழிபெயர்ப்பு இது.

முடிவுரை

இத்தகைய படைப்பைத் தமிழில் தருவோருக்கு முதலில் தோன்றும் வழி, சிசிலியனுக்கு ஒரு தமிழ் வட்டார வழக்கையும் ரோம்காரனுக்கு வேறொன்றையும் பகிர்ந்தளிப்பது. அது தவறான நிலப்படத்தைக் கொண்டுவரும். நெல்லைத் தமிழ் பேசும் சிசிலியனிடம் பார்வையாளர் காண்பது நெல்லையையே. மேலும், தமிழ் வழக்குகள் ஒரு மொழியின் கிளைகள். இத்தாலியின் நிலை அதுவன்று.

வட்டாரத்தைவிட முதன்மையாகப் பெயர்க்க வேண்டியது இரு நடைகளுக்கு இடையிலான தொலைவு. பெர்குசன் 1959இல் வகுத்த இரட்டை வழக்குக் கோட்பாடு இத்தாலிக்கு முற்றும் பொருந்தாது என்றும், உயர்வழக்கு அன்றாடப் பேச்சிலும் கலந்துவிட்ட நிலையை வேறு பெயரால் சுட்ட வேண்டும் என்றும் கயெத்தானோ பெர்ரூதோ 1987இல் வாதிட்டார். தமிழிலோ பேச்சும் எழுத்தும் இன்றும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. குருசியானி மொட்டைமாடியில் மேடைத் தமிழில் முழங்க, மாணவர்கள் பேச்சுத் தமிழில் ஐயம் கேட்டால், இத்தாலியப் பார்வையாளர் சிரித்த இடத்தில் தமிழரும் சிரிப்பர். ஊர்ப்பெயர்களும் பட்டப்பெயர்களும் இத்தாலியாகவே நிற்கலாம்.

ஒரு நாட்டின் மொழி தமக்கும் உரியது என்று சொல்லப்பட்டு, அதைப் பெறும் வழி தரப்படாதவர்கள் இத்திருடர்கள். அம்மொழியில் இரவல் சொற்களால் ஒரு திட்டம் தீட்டுகின்றனர்; திட்டம் தவறான சுவரில் முடிகிறது. கடைசியில் அவர்களைப் பற்றி அம்மொழியில் எழுதப்படும் ஒரே செய்தியும் அவர்கள் பெயரைச் சொல்வதில்லை. மொழிபெயர்ப்பாளர் காக்கவேண்டிய கசப்பு இது. இது நீங்கினால் எஞ்சுவது சுவர் இடிந்த கதை மட்டுமே.